சோயாவின் தழைச்சத்தும் வேர்முடிச்சு நுண்ணுயிரும்

சோயா மொச்சை தழைச்சத்தை ஏராளமாகக் கேட்கும் பயிர். அதன் விதையில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதம். நெல்லோ கோதுமையோ இதன் பக்கத்தில்கூட வராது. புரதம் இருக்கும் இடத்தில் நைட்ரஜன் இருந்தாக வேண்டும். ஒரு டன் சோயா விளைய, செடிகள் வேரும் தண்டும் இலையும் காயுமாக மொத்தம் 80 கிலோ அளவுக்கு நைட்ரஜனைச் சேர்த்துக்கொள்கின்றன. ஹெக்டேருக்கு 3 டன் விளைச்சல் என்றால் 240 கிலோ. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம்தான். ஆக, 45 கிலோ மூட்டைக் கணக்கில் கிட்டத்தட்ட 12 மூட்டை தேவைப்படும். அதுவும் போட்ட உரம் ஒரு மணிகூடக் கரைந்தோடாமல், ஆவியாகாமல் செடிக்குள் போனால்தான். உலகில் எந்த விவசாயியும் சோயாவுக்கு இப்படி உரம் போடுவதில்லை; போடத் தேவையும் இல்லை. செடிக்கு வேண்டியதில் பாதிக்கு மேல், நல்ல நிலைமைகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல், காற்றிலிருந்து வருகிறது.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் முப்பிணைப்பால் இறுகக் கட்டப்பட்டவை. எந்தச் செடியாலும் அந்தக் கட்டை நேரடியாக அவிழ்க்க முடியாது. உரத் தொழிற்சாலை இதற்கு 400 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல் 150 மடங்குக்கு மேல் அழுத்தமும், இரும்பு வினையூக்கியும் பயன்படுத்துகிறது. ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலையில் 1913இல் தொழில்முறையில் தொடங்கிய ஹாபர்-போஷ் முறை இன்றும் அப்படித்தான் இயங்குகிறது. அதே வேலையைச் சாதாரண மண் வெப்பத்தில், மிளகளவு வேர்முடிச்சுக்குள் இருந்தபடி சில பாக்டீரியாக்கள் செய்துவிடுகின்றன.

பயறுவகைச் செடிகள் மண்ணை வளப்படுத்தும் என்பது உழவர்களுக்குப் பழைய செய்தி. காரணம் தெரிந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். வேர்முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்களே காற்று நைட்ரஜனைச் செடிக்குத் தருகின்றன என்று ஜெர்மானியர்களான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886இல் அறிவித்தனர். இரண்டே ஆண்டுகளில், 1888இல், டச்சு அறிஞர் பெய்ஜரிங்க் முடிச்சிலிருந்து அந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். அடுத்த பத்தாண்டுக்குள் நோபே, ஹில்ட்னர் இருவரும் அதைக் காப்புரிமையோடு விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். வேளாண்மையில் பல கண்டுபிடிப்புகள் ஆய்வகத்திலிருந்து வயலுக்கு வர அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டிருக்கின்றன. இது அவசரமாகவே வந்து சேர்ந்தது.

சோயாவில் முடிச்சு உண்டாக்குபவை பிரேடிரைசோபியம் இனத்தைச் சேர்ந்தவை. முன்பு எல்லாவற்றையும் ரைசோபியம் என்றே அழைத்தார்கள். 1982இல் ஜோர்டன் என்ற ஆய்வாளர், மெதுவாக வளரும் வகைகளைத் தனி இனமாகப் பிரித்தார். வேகமாக வளரும் ரைசோபியங்கள் வளர்தட்டில் இரண்டு மூன்று நாளில் தெளிவான திட்டுகளாகத் தெரியும். இவையோ ஒரு மில்லிமீட்டர் அளவை எட்டவே ஐந்து முதல் ஏழு நாள் எடுத்துக்கொள்ளும். விதையோடு கலக்கும் பாக்டீரியாக் கல்ச்சரைத் தயாரிப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. தொட்டிக்குள் வேறு பாக்டீரியா ஒன்று தப்பித்தவறி நுழைந்துவிட்டால், இந்தச் சோம்பேறியை முந்திக்கொண்டு அது பெருகிவிடும். ஜப்பானிக்கம், எல்கானியை, டயஸோஎஃபிசியன்ஸ் ஆகிய மூன்று சிற்றினங்களும் சோயாவுக்கு முக்கியமானவை. கடைசியாகச் சொன்ன சிற்றினத்தில் அடங்கும் யூ.எஸ்.டி.ஏ. 110 என்ற அமெரிக்க வகையின் மரபணுத்தொகுதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் முழுமையாகப் படித்து முடித்தார்கள். 91 லட்சம் எழுத்துகள். பாக்டீரியா உலகில் அது பெரிய நூல்தான்.

செடியும் பாக்டீரியாவும் சேர்வது தற்செயலாக நடப்பதில்லை. முளைத்த சோயா வேர் டெய்ட்சீன், ஜெனிஸ்டீன் என்னும் வேதிப்பொருள்களை மண்ணில் கசியவிடுகிறது. அதை உணரும் பாக்டீரியா, ‘நாட் காரணி’ எனப்படும் மூலக்கூறைப் பதிலுக்கு வெளியிடுகிறது. கைட்டின் துண்டோடு கொழுப்பு வால் ஒட்டிய அந்த மூலக்கூறு சரியான வடிவத்தில் இருந்தால் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவைத் தனக்குள் மடித்துக்கொள்ளும். அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்று உள்நோக்கி வளர, அதன் வழியே பாக்டீரியாக்கள் பெருகியபடி வேரின் புறணிக்குப் போகின்றன. அங்கே செல்கள் ஏற்கெனவே பிரிந்து முடிச்சுக்கு இடம் ஒதுக்கத் தொடங்கியிருக்கும். சமிக்ஞை பொருந்தாத பாக்டீரியா வேருக்கு எவ்வளவு அருகில் இருந்தாலும் கதவு திறக்காது. உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் தயாரித்த கல்ச்சர் பாக்கெட்டைச் சோயாவுக்குப் போடக் கூடாது என்று சொல்வதன் அடிப்படை இதுதான். முளைத்த இரண்டு வாரத்தில் முடிச்சுகள் கண்ணுக்குத் தெரியும். மூன்று நான்கு வாரத்தில் வேலை தொடங்கும். காயில் விதை திரளும் பருவத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு தணியும்.

முடிச்சுக்குள் வேலை செய்யும் நொதி நைட்ரஜனேஸ். இரும்பும் மாலிப்டினமும் சேர்ந்த அதன் மையத்தில்தான் நைட்ரஜனின் பிணைப்பு உடைகிறது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அமோனியாவாக மாற்றக் குறைந்தது 16 ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறுகள் செலவாகின்றன, கூடவே ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறும் வெளியேறுகிறது. அந்த ஆற்றலைத் தருவது செடி. இலையில் உண்டான சர்க்கரை வேருக்கு இறங்கி, மாலேட் போன்ற அமிலங்களாக மாறிப் பாக்டீரியாவுக்குப் போகிறது. ஒரு கிராம் நைட்ரஜன் கிடைக்க ஏறக்குறைய 6 கிராம் கார்பன் செலவு. இலவசம் என்று விளம்பரங்களில் சொல்லப்படும் தழைச்சத்துக்குச் செடி இந்த விலையைக் கொடுக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆக்சிஜன் பட்டால் நைட்ரஜனேஸ் செயலிழந்துபோகும். ஆனால் இவ்வளவு ஏ.டி.பி. உண்டாக்க பாக்டீரியா சுவாசித்தாக வேண்டும். இந்த முரணைத் தீர்ப்பது லெக்ஹீமோகுளோபின். நம் இரத்தத்தில் உள்ள நிறமிக்கு உறவான இது ஆக்சிஜனைப் பிடித்து வைத்து, தேவைக்கு அளந்து விடுகிறது. நன்றாக வேலை செய்யும் முடிச்சை நகத்தால் கிள்ளினால் உட்புறம் இரத்தச் சிவப்பாக இருப்பது இதனால்தான். கிடைத்த அமோனியாவைச் சோயா அலன்டாயின், அலன்டாயிக் அமிலம் என்ற யூரைடுகளாக மாற்றி மேலே அனுப்புகிறது.

இந்த ஏற்பாட்டில் கடிவாளம் செடியின் கையில்தான் இருக்கிறது. எத்தனை முடிச்சு வேண்டும் என்பதை இலையே தீர்மானிக்கிறது. முதல் முடிச்சுகள் உருவாகும்போது வேரிலிருந்து சிறு புரதத் துணுக்குகள் மேலே போகின்றன. இலையில் உள்ள ஓர் ஏற்பி அவற்றை உணர்ந்து, போதும் என்ற செய்தியைக் கீழே அனுப்புகிறது. அந்த ஏற்பி கெட்டுப்போன திடீர்மாற்றச் செடிகளை 1980களில் ஆஸ்திரேலியாவில் உருவாக்கிப் பார்த்தார்கள். முடிச்சுகள் பல மடங்கு பெருகின. ஆனால் செடி குன்றியது, விளைச்சல் கூடவில்லை. முடிச்சின் எண்ணிக்கையைக் கண்டு மயங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. மண்ணில் நைட்ரேட் தாராளமாக இருந்தாலும் செடி முடிச்சு போடுவதைக் குறைத்துக்கொள்ளும். கையில் சோறு இருக்கும்போது செலவு செய்து வாங்குவானேன்? எனவே சோயாவுக்கு யூரியா போடப் போட, காற்றிலிருந்து வரும் பங்கு குறையும். பிரேசிலில் ஹெக்டேருக்கு 200 கிலோ நைட்ரஜனை விதைப்பின்போது பாதி, பூக்கும்போது பாதி எனக் கொடுத்துப் பார்த்த வயல்வெளி ஆய்வுகளில், பாக்டீரியா கலந்த விதையை மட்டும் நம்பிய பாத்திகளைவிட விளைச்சல் கூடவில்லை, முடிச்சுதான் குறைந்தது.

அப்படியானால் மேம்படுத்த என்ன இருக்கிறது? இருப்பது பெரும்பாலும் கணக்குதான்: சரியான வகைப் பாக்டீரியா, போதுமான எண்ணிக்கையில், உயிரோடு, இளம் வேரை நேரத்துக்கு எட்டுகிறதா? இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நூறாண்டு ஆராய்ச்சியும் சுழன்றுவந்திருக்கிறது. இதற்கு நாடு தழுவிய அளவில் விடை கண்டது பிரேசில்.

சோயாவின் தாயகம் கிழக்காசியா. அதற்கேற்ற பாக்டீரியாவும் அந்த மண்ணுக்கே உரியது. விதை கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனபோது பாக்டீரியா கூடப் போகவில்லை. செடி மஞ்சளாக நின்றது. சோயா நன்றாக விளைந்த பழைய வயலின் மண்ணை அள்ளி வந்து புது வயலில் தூவியே அங்குள்ள விவசாயிகள் தொடக்கத்தில் சமாளித்தார்கள். பிரேசிலிலும் இதே கதைதான். தெற்கே ரியோ கிராண்டி டு சுல் மாநிலத்தில் ஜார்டிம் ஃப்ரேய்ரே என்ற நுண்ணுயிரியலாளர் பல நாடுகளின் வகைகளைத் திரட்டிச் சோதித்தார். அப்படி உருவான சேமிப்புதான் இன்றும் செமியா என்ற பெயரில் எண்ணிட்ட வகைகளை உற்பத்தியாளர்களுக்கு வழங்குகிறது.

1960களில் பிரேசில் பெரிய அளவில் சோயா ரகங்களை உருவாக்கத் தொடங்கியபோது, அமெரிக்க வழியில் உரமிட்டு வளர்க்கும் யோசனை முன்னே நின்றது. அதை மறித்தவர் யோகன்னா டோபரைனர். 1924இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, போருக்குப் பின் பிரேசிலில் குடியேறி, ரியோ டி ஜனேரோவை அடுத்த செரோபெடிகாவில் ஆய்வு செய்தவர் அவர். தழைச்சத்து உரம் இல்லாமல், பாக்டீரியாவோடு மட்டும் சோயா வரிசைகளை வளர்த்து, அதில் தேறுவனவற்றை ரகங்களாக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். இதன் விளைவை அன்று பலர் உணரவில்லை. உரம் போட்டுத் தேர்ந்தெடுத்தால், பாக்டீரியாவோடு நன்றாகச் சேரும் வரிசைக்கும் சேராத வரிசைக்கும் வேறுபாடே தெரியாமல் போய்விடும். உரமில்லாத வயலிலோ சேராதது தானாகக் கழிந்துவிடும். பிரேசில் ரகங்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வடிகட்டியைக் கடந்து வந்தவை.

அடுத்த சவால் செராடோ. நாட்டின் நடுப்பகுதியில் பரந்து கிடக்கும் இந்தப் புல்வெளி மண் கடும் அமிலத்தன்மை கொண்டது, அலுமினியம் மிகுந்தது. சோயாவுக்கான பாக்டீரியா அங்கே அறவே இல்லை. சுண்ணாம்பு இட்டு அமிலத்தைத் தணித்த பிறகும், கொண்டுவந்த வகைகள் பல அங்கே நிலைக்கவில்லை. தலைநகர் பிரசீலியாவை ஒட்டிய பிளனால்டினாவில் உள்ள எம்ப்ராபா என்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் செராடோ மையத்தில் ஆய்வாளர்கள் செய்த வேலை எளியது, ஆனால் நுட்பமானது. பல ஆண்டுகளுக்கு முன் பாக்டீரியா இட்ட வயல்களுக்குத் திரும்பிப் போய், அந்த மண்ணில் பிழைத்துத் தழைத்தவற்றை முடிச்சுகளிலிருந்து மீண்டும் பிரித்தெடுத்தார்கள். செமியா 566 என்ற வகையின் வழித்தோன்றல் ஒன்று மண்ணின் கடுமைக்குப் பழகியிருந்தது. முடிச்சுக்கான போட்டியிலும் முந்தியது. அதுதான் செமியா 5079. ஆஸ்திரேலிய வகை ஒன்றின் இயற்கை மாறுபாடு, நைட்ரஜன் நிலைப்படுத்தலில் தேர்ந்தது, செமியா 5080 ஆயிற்று. 1992 முதல் இவ்விரண்டும் வணிகக் கல்ச்சருக்குப் பரிந்துரைக்கப்பட்டன. இன்று பிரேசிலில் விற்பதில் பெரும்பாலானவற்றில் இருப்பவை இவையே. மரபணுப் பொறியியல் எதுவும் இதில் இல்லை. மண்ணே தேர்ந்தெடுத்துக் கொடுத்ததைப் பொறுமையாகப் பொறுக்கி எடுத்ததுதான்.

லொண்ட்ரினாவில் உள்ள எம்ப்ராபா சோயா மையத்தில் மரியாஞ்ஜெலா ஹுங்ரியா 1990களிலிருந்து எழுப்பிய கேள்வி வேறு. ஒருமுறை பாக்டீரியா நிலைத்துவிட்ட மண்ணில் ஆண்டுதோறும் மறுபடி விதையோடு கலப்பது வீணா? அமெரிக்கப் பாடநூல்கள் வீண் என்றன. பிரேசிலின் பல வயல்களில் திரும்பத் திரும்பச் செய்த ஆய்வுகள், ஆண்டு மறுகலப்பு சராசரியாக 8 சதவீதம் விளைச்சலைக் கூட்டுவதைக் காட்டின. மண்ணில் உள்ள பழைய பாக்டீரியா சிதறிக் கிடக்கும். பக்கவேர்களில் தாமதமாகவே முடிச்சு போடும். விதையோடு போவது ஆணிவேரின் தலைப்பகுதியிலேயே, முதல் நாள்களிலேயே இடம் பிடித்துவிடும். இன்று பிரேசிலில் 4 கோடி ஹெக்டேருக்கு மேற்பட்ட சோயாப் பரப்பில் முக்கால் பங்குக்கும் அதிகமான இடத்தில் ஆண்டுதோறும் பாக்டீரியா கலப்பு நடக்கிறது. தழைச்சத்து உரம் கிட்டத்தட்ட இல்லை. ஹுங்ரியாவுக்கு 2025இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அமெரிக்கப் பாடநூல்களையும் குறைசொல்லிவிட முடியாது. அயோவா, மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் அவர்கள் கண்டது அதுதான். பாலுக்கு உறை ஊற்றும்போது உறைமோருக்குப் பாலில் எதிரி இல்லை; மண்ணில் இடும் பாக்டீரியாவுக்கு நிலைமை வேறு. அந்த மாநிலங்களின் மண்ணில் யூ.எஸ்.டி.ஏ. 123 என்ற குழுவைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் நீண்டகாலமாகக் குடியிருக்கின்றன. நைட்ரஜன் நிலைப்படுத்தலில் அவை சுமார்தான். ஆனால் முடிச்சைப் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். ஆற்றலில் சிறந்த யூ.எஸ்.டி.ஏ. 110ஐ எவ்வளவு போட்டாலும் முடிச்சுகளில் சிறு பங்கே அதற்குக் கிடைத்தது. வீவர், ஃபிரடெரிக் என்ற இருவர் 1974இல் வெளியிட்ட கணக்கின்படி, புதிதாக இடும் வகை பாதி முடிச்சையாவது பிடிக்க வேண்டுமானால் மண்ணில் ஏற்கெனவே உள்ளதைப் போல் ஆயிரம் மடங்கு எண்ணிக்கையில் அதை இட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரேசிலின் செமியா 5079ம் இதே 123 குழுவைச் சேர்ந்ததுதான். அமெரிக்காவில் தொல்லையாக இருந்த போட்டித்திறன், நல்ல வகையோடு சேர்ந்து வந்தபோது பிரேசிலில் வரமாயிற்று.

ஆகவே எண்ணிக்கை முக்கியம். பிரேசிலில் சட்டப்படி கல்ச்சரில் ஒரு கிராமிலோ மில்லிலிட்டரிலோ, காலாவதி நாள்வரை, குறைந்தது 100 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். ஒரு விதைக்கு 12 லட்சம் செல் என்பது பரிந்துரை. இந்தியாவில் 2006இல் உயிர் உரங்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் வந்தன; அதன்படி பொடி வடிவ ரைசோபியத்தில் ஒரு கிராமுக்கு 5 கோடியும், திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 கோடியும் குறைந்தபட்ச அளவு. ஒரு கிலோ விதைக்கு 5 கிராம் கலப்பது சோயாவுக்கு வழக்கமான பரிந்துரை. விதை ஒன்று 120 மில்லிகிராம் என்றால் கிலோவுக்கு எட்டாயிரத்துச் சொச்சம் விதை. சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தரத்தில் உள்ள பொடியானால், விதைக்குச் சுமார் 30,000 செல்லே கிடைக்கும். பிரேசில் பரிந்துரையில் நாற்பதில் ஒரு பங்கு. நல்ல பாக்கெட்டில் இதைவிடப் பல மடங்கு இருக்கக்கூடும். ஆனால் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. ரைசோபியம் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை என்று விவசாயி சொல்லும்போது அவரைக் குறைசொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

இந்தியச் சோயாவின் மையம் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான். 1960களில் ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகம் அமெரிக்க இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொடங்கிய முயற்சியிலிருந்து, மால்வா பீடபூமியின் கரிசல் நிலங்களில் இது மழைக்காலப் பயிராக வேரூன்றியது. பரப்பு 1 கோடியே 20 லட்சம் ஹெக்டேரைத் தாண்டினாலும் விளைச்சல் ஹெக்டேருக்கு ஒரு டன்னை ஒட்டியே நிற்கிறது. பிரேசிலில் அது மூன்று டன்னுக்கு மேல். இந்த இடைவெளிக்குப் பாக்டீரியா மட்டும் காரணம் அல்ல. இங்கே பயிர்க்காலம் குறுகியது. மழை ஒருமுறை தேக்கமாகவும் ஒருமுறை இடைவெளியாகவும் வரும். இரண்டுமே முடிச்சுக்கு ஆகாது. நீர் தேங்கினால் முடிச்சுக்குக் காற்றுப் போகாது. வறட்சி வந்தாலோ, இலை வாடுவதற்கு முன்பே நைட்ரஜன் நிலைப்படுத்தல் சரியத் தொடங்கிவிடும்.

தமிழ்நாட்டில் சோயாவின் பரப்பு சிறியது. ஆனால் விதை நேர்த்திப் பழக்கம் இங்கே நன்றாகப் பரவியிருக்கிறது. 200 கிராம் பாக்கெட்டை உடைத்து, ஆறிய அரிசிக் கஞ்சி 200 மில்லிலிட்டரில் குழைத்து, விதையைக் கொட்டிக் கையால் புரட்டி, கரும்பூச்சு எல்லா விதையிலும் ஏறியதும் நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிடுவார்கள். கரும்பூச்சு வருவது பொடிக்கு அடிப்படையாக உள்ள பழுப்பு நிலக்கரியால். அது நெய்வேலியில் கிடைப்பது. கஞ்சி ஒட்டுப்பசை மட்டுமல்ல, விதைமேல் பாக்டீரியா காய்ந்துபோகாமல் சற்றுத் தாக்குப்பிடிக்கவும் உதவுகிறது. கஞ்சி சூடாக இருந்தாலோ, உலர்த்துவது வெயிலில் என்றாலோ, காலையில் கலந்த விதை மழை வரட்டும் என்று மூன்று நாள் மூட்டையிலேயே கிடந்தாலோ, நிலத்துக்குப் போவது வெறும் கரிப்பூச்சுதான்.

விதை நேர்த்தி மருந்து இதைவிடப் பெரிய எதிரி. திராம், கார்பன்டசிம் போன்ற பூஞ்சாணக் கொல்லிகள் தடவிய விதையில் பாக்டீரியா கலந்தால், இரண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேலும் ஒரு நாளில் ஏறக்குறைய முழுவதும் செத்துப்போகக்கூடும் என்று பிரேசில் ஆய்வுகள் காட்டின. பூஞ்சாண மருந்து முதலில், பூச்சி மருந்து அடுத்து, ரைசோபியம் கடைசியில் என்ற வரிசையை இந்தியாவில் சொல்லித் தருவது சேதத்தைக் குறைக்கத்தான், நீக்க அல்ல. பிரேசிலின் பெரிய பண்ணைகள் வேறு வழிக்குப் போய்விட்டன: விதையில் மருந்து, சாலில் திரவக் கல்ச்சர். விதைக்கருவியிலேயே தொட்டியும் குழாயும் பொருத்தி, விதை விழும் கோட்டில் தெளிக்கிறார்கள். அதற்கு அளவு கூடுதலாக வேண்டும். ஆனால் பாக்டீரியாவும் மருந்தும் நேருக்கு நேர் சந்திப்பதில்லை. பூஞ்சாண மருந்துக்குப் பதிலாக ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை தரும் பூஞ்சையை வைத்து விதை நேர்த்தி செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

சிறுசத்துகளில் இரண்டு தவிர்க்க முடியாதவை: நைட்ரஜனேஸுக்கு மாலிப்டினம், பாக்டீரியாவின் பி12 வைட்டமின் தயாரிப்புக்குக் கோபால்ட். ஹெக்டேருக்கு மாலிப்டினம் 20 கிராம் அளவிலும் கோபால்ட் இரண்டு மூன்று கிராமும் போதும். அமில மண்ணில் மாலிப்டினம் செடிக்குக் கிட்டாது என்பதால் செராடோவில் இது முறையாகக் கொடுக்கப்படுகிறது. ஆனால் அதே உப்பை விதையில் பாக்டீரியாவோடு சேர்த்துத் தடவினால் பாக்டீரியா மடியும். இலைவழித் தெளிப்பு பாதுகாப்பானது. மணிச்சத்துக் குறைவும் முடிச்சை நேரடியாகப் பாதிக்கும், ஏ.டி.பி.யே பாஸ்பரஸ் சேர்ந்த பொருள்தான். மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவையும் கூடக் கலக்கச் சொல்வது இதை ஒட்டித்தான்.

இரண்டு வகைப் பாக்டீரியாக்களைச் சேர்த்துக் கொடுக்கும் முறையில் அண்மைக்காலத்தில் அதிகம் பேசப்படுவது அசோஸ்பைரில்லம். தமிழ்நாட்டு நெல் விவசாயிக்கு இது நாற்று நனைக்கப் பழக்கமான பெயர். 1970களில் இந்தப் பாக்டீரியாவின் பெருமையை வெளிக்கொணர்ந்தவரும் டோபரைனரே. பரானா கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் தேர்ந்தெடுத்த இரண்டு வகைகள் முதலில் மக்காச்சோளத்துக்கும் கோதுமைக்கும் வந்தன. 2013இல் ஹுங்ரியா குழு, பிரேடிரைசோபியத்தை விதையிலும் அசோஸ்பைரில்லத்தைச் சாலிலும் கொடுத்துப் பெற்ற முடிவுகளை வெளியிட்டது. எதுவும் கலக்காததைவிட, பிரேடிரைசோபியம் மட்டும் இட்டபோது 8 சதவீதமாக இருந்த கூடுதல் விளைச்சல், இரண்டும் சேர்ந்தபோது 16 சதவீதம் ஆயிற்று. அசோஸ்பைரில்லம் சோயாவுக்குள் போய் நைட்ரஜன் தருவதால் இது வருவதில்லை. அது சுரக்கும் இண்டோல் அசிட்டிக் அமிலம் வேரைக் கிளைக்கவைத்து வேர்த்தூவிகளைப் பெருக்குகிறது. பிரேடிரைசோபியத்துக்கு நுழையும் வாசல்கள் கூடுகின்றன. முடிச்சு சில நாள் முந்தி வருகிறது. அளவு மீறினால் இதே ஹார்மோன் வேர் வளர்ச்சியைத் தடுக்கும். அதனால்தான் அசோஸ்பைரில்லத்தை விதையில் தடவும்போது பிரேடிரைசோபியத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே பரிந்துரைக்கிறார்கள். சூடோமோனாஸ், பேசில்லஸ் வகைகளையும் இதுபோல் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆனால் மண்ணுக்கு மண், ரகத்துக்கு ரகம் பலன் மாறுவதால் அவை இன்னும் அந்த நம்பகத்தன்மையை எட்டவில்லை.

பாக்டீரியாவை மாற்றாமல் செடியை மாற்றிய முயற்சியும் ஒன்று உண்டு. நைஜீரியாவின் இபாடானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனம், ஆப்பிரிக்க மண்ணில் ஏற்கெனவே உள்ள, தட்டைப்பயறில் முடிச்சு போடும் பாக்டீரியாக்களோடும் சேரக்கூடிய சோயா ரகங்களை உருவாக்கியது. கல்ச்சர் கிடைக்காத சிறு விவசாயிக்கு அது கைகொடுத்தது. ஆனால் எல்லா மண்ணிலும் வேண்டிய பாக்டீரியா இல்லாததால் அங்கேயும் பின்னர் கல்ச்சர் பயன்பாட்டைக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஜப்பானில் வேறு நோக்கம்: அறுவடையை ஒட்டி அழுகும் முடிச்சுகளிலிருந்து வெளியேறும், பசுமைக்குடில் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடைத் தின்னக்கூடிய பிரேடிரைசோபிய வகைகளை வயலிலேயே சோதித்து, அந்த வாயுவின் அளவு குறைவதை 2013இல் நிறுவினார்கள்.

வயலில் பலனைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம், மண்வெட்டி போதும். பூக்கும் தருணத்தில், அதாவது 35 முதல் 45 நாளில், செடியைப் பிடுங்காமல் ஒரு சாண் சுற்றளவு விட்டு மண்ணோடு வெட்டி எடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல அலச வேண்டும். பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும். முடிச்சே இல்லை என்ற தவறான முடிவுக்கு இது பலரைக் கொண்டுபோயிருக்கிறது. ஒரு செடியில் 15 முதல் 30 நல்ல முடிச்சு இருந்தால் போதும். அவை ஆணிவேரின் மேற்பகுதியில் திரண்டிருந்தால் விதையோடு போன பாக்டீரியா வேலை செய்திருக்கிறது என்று பொருள். பக்கவேர்களில் மட்டும் சிதறியிருந்தால் அவை பெரும்பாலும் மண்ணில் இருந்தவை. பிறகு சிலவற்றைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெளிறியிருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது பாக்டீரியா உதவாத வகை. பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் அதன் காலம் முடிந்தது.

சோயா போட்டால் அடுத்த பயிருக்கு நிலம் வளமாகும் என்று பொதுவாகச் சொல்வதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டன் விதையோடு 60 கிலோவுக்கு மேல் நைட்ரஜன் வயலைவிட்டு வெளியேறுகிறது. 3 டன் விளையும் ஹெக்டேரில் செடி எடுத்த 240 கிலோவில் ஏறக்குறைய 185 கிலோ விதையோடு போய்விடும். காற்றிலிருந்து வந்த பங்கு 60 சதவீதமானால் அது 144 கிலோதான். ஆக மண் தன் கையிருப்பிலிருந்து 40 கிலோ அளவுக்கு இழக்கிறது. அந்தப் பங்கு 85 சதவீதமானால் 204 கிலோ. மண்ணுக்கு ஏறக்குறைய 20 கிலோ மிஞ்சும். இந்த மிச்சம் சோயாத் தட்டையிலும் உதிர்ந்த சருகிலும் வேரிலும் முடிச்சிலும் இருக்கிறது. தட்டையைக் களத்துக்கு அள்ளிக்கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டுவிட்டால், அல்லது கோதுமைக்கு நிலம் தயாராக வேண்டும் என்று கொளுத்திவிட்டால், பின்னால் வரும் பயிருக்குக் கிடைப்பது வேரிலும் சருகிலும் தங்கியது மட்டும்தான்.